பாலக்கரையில் ஒரு சாதுவான சிலந்தி

நாய் வளர்ப்பவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி புறாக்கூண்டு. மீன் தொட்டி இல்லாத பல் டாக்டர் கிளினிக் திருச்சியில் உண்டா என்பதே சந்தேகம். இதெல்லாம் வேண்டாம், உள்ளங்கை அகலத்துக்கு மயிர் மண்டிய ஒரு சிலந்திதான் வேண்டும் என்று ஒருவன் ஒற்றைக் காலில் நின்றால்?

நின்றவன் விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவன். பாலக்கரை ரவுண்டானாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு. கீழே அப்பா, அம்மா, அப்பாயி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை, அதுதான் அவன் ராஜ்ஜியம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு கையில் இருந்தது. அந்தக் காசுக்கு ஒரு பழைய போன் வாங்கலாம், அல்லது ஒரு டரான்டுலா வாங்கலாம். போன் ஏற்கெனவே இருந்தது.

அவன் போட்ட நிபந்தனை இரண்டே இரண்டு. சாதுவாக இருக்க வேண்டும். எதையும் தாங்குகிற உடம்பாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இதைத்தான் கேட்கிறார்கள், கிடைக்கிறதா என்ன?

டரான்டுலா என்றால் ஒரே ஒரு சிலந்தி என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. (பெயர் வந்த கதை தனி வேடிக்கை. இத்தாலியில் தாரந்தோ என்ற ஊரில் இருந்த வேறொரு சிலந்திக்கு வைத்த பெயர் அது. பிற்பாடு கப்பலேறிப் போனவர்கள் அமெரிக்காவில் பார்த்த பெரிய சிலந்திகளுக்கெல்லாம் அதையே சூட்டிவிட்டார்கள்.) வளர்ப்பவர்கள் இந்தக் குடும்பத்தை இரண்டு கட்சியாகப் பிரிக்கிறார்கள். வட, தென் அமெரிக்காக்களில் இருப்பவை ஒரு கட்சி. ஆசியா, ஆப்பிரிக்கா பக்கம் இருப்பவை இன்னொரு கட்சி.

அமெரிக்கக் கட்சியில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் சுணை மாதிரியான நுண்ணிய முடிகள் உண்டு. தொந்தரவு செய்தால் பின்னங்காலால் அதைத் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் விஷயமே வேறு. 2009-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஒருவர் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனார். டாக்டர்கள் பெரிய லென்ஸ் வைத்துப் பார்த்தால் கருவிழிக்குள் சன்னமான முடிகள். அவர் வளர்த்த டரான்டுலா, தொட்டியைச் சுத்தம் செய்யும்போது அவர் முகத்தில் தூவியது. லான்செட் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சிலந்தி ‘சிலி ரோஸ்’ என்ற இனம். சாதுவானது என்று உலகமே சான்றிதழ் கொடுத்த இனம் அது!

இந்த முடி ஆயுதம் கையில் இருப்பதால்தான் அமெரிக்கக் கட்சி அவ்வளவு சீக்கிரம் கடிப்பதில்லை. கடித்தாலும் பெரும்பாலும் குளவி கொட்டிய அளவோடு போய்விடும். ஆசியக் கட்சிக்கு இந்த முடி கிடையாது. அதனால் ஒன்று மின்னலாக ஓடும், இல்லையென்றால் கடிக்கும். ஆக, சாது என்றால் பாசம் என்று அர்த்தமில்லை. அதற்கு உங்களைத் தெரியவே தெரியாது. உங்கள் கை அதற்கு ஒரு சூடான தரை, அவ்வளவுதான்.

பையன் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தேடியதில் மிஞ்சியவை மூன்று. முதலில் சொன்ன சிலி ரோஸ். மந்தமோ மந்தம், மாசக்கணக்கில் சாப்பிடாமல் கூடக் கிடக்கும். இதை ‘வளர்ப்புக் கல்’ என்று கேலி செய்வார்கள். இரண்டாவது மெக்சிகோவின் ரெட் நீ, கால் மூட்டுகளில் ஆரஞ்சுச் சிவப்புப் பட்டை. படம் எடுத்தால் காலண்டர் மாதிரி இருக்கும். மெதுவாக வளரும், பெண்ணாக இருந்தால் இருபத்தைந்து வருஷம்கூட இருக்கும். ஆணாக இருந்தால் பருவத்துக்கு வந்த ஒன்றிரண்டு வருஷத்தில் கதை முடிந்துவிடும். மூன்றாவது ஹோண்டுராஸ், நிகராகுவா பக்கத்துக் கர்லி ஹேர். பழுப்பு உடம்பில் சுருட்டை முடி, பெரிய அழகெல்லாம் இல்லை, ஆனால் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கும்.

திருச்சிக்கு இந்த மூன்றில் ஒன்று என்றால் அது கர்லி ஹேர்தான். சிலி ரோஸ் பிறந்த இடம் ராத்திரியானால் குளிர்கிற வறண்ட பூமி. கர்லி ஹேர் வெக்கையும் ஈரமும் சேர்ந்த தாழ்ந்த நிலத்துக்காரன். ஆனால் நெட்டில் போய்ப் பாருங்கள், எல்லாப் பக்கமும் சிலி ரோஸ் புராணம்தான். எழுதுகிறவர்கள் லண்டனிலும் பெர்லினிலும் இருந்தால் வேறு என்ன எழுதுவார்கள்? தொட்டிக்கு அடியில் சூடு பண்ணும் பாய் எங்கே வைப்பது, குளிர்காலத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது... பாலக்கரையில் கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே உட்கார்ந்து சூடு பண்ணும் பாயைப் பற்றிப் படிப்பதைவிடப் பெரிய நகைச்சுவை இல்லை. எதையும் தாங்கும் என்று அவர்கள் எழுதியது குளிரைத்தான். திருச்சி மே மாதத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தச் சந்தேகத்தை அவனுக்குள் கிளப்பிவிட்டவர் மீன் கடை அண்ணன். தொட்டி வாங்கப் போன இடத்தில், எதற்கு என்று கேட்டார். சொன்னான். அவர் கொஞ்ச நேரம் மீனுக்குப் போடும் ஏர் டியூபைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

“நானும் வெச்சிருந்தேன் தம்பி. மெட்ராஸ்ல ஒரு ஃப்ரெண்டு குடுத்தான். மூணு வருஷம் இருந்துச்சு.”

“செத்துப்போச்சாண்ணே?”

“சாகல. ஒருநாள் காலைல பாக்குறேன், மல்லாக்கக் கெடக்கு. எட்டுக் காலும் மேல. போச்சுன்னு நெனச்சு கவர்ல கட்டி குப்பை வண்டில போட்டுட்டேன். அப்புறம் ஃப்ரெண்டு போன்ல சொல்றான், அண்ணே அது தோலு உரிக்கறதுக்கு அப்படித்தான் படுக்கும், தொடாம விட்டிருக்கணும்னு.”

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டரான்டுலா சட்டை உரிக்கும்போது மல்லாந்து படுக்கும், சில மணி நேரம் அப்படியே கிடக்கும். செத்துப்போவது பெரும்பாலும் நேர் மாறாக, நிமிர்ந்த வாக்கில் கால்களை உடம்புக்கு அடியில் சுருட்டிக்கொண்டு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எத்தனை சிலந்தி உயிரோடு குப்பைக்குப் போயிருக்கும். உரித்த பிறகு உடம்பு பால்பாயசம் மாதிரி இளகி இருக்கும், அப்போது போட்ட வெட்டுக்கிளியே அதைக் கடித்துக் கொன்றுவிடும். சில நாள் பட்டினி போடுவதுதான் நல்லது. வயிறு மெல்லிசு என்பதால் தோள் உயரத்திலிருந்து விழுந்தாலே வெடித்துவிடும். தோளில் விட்டு போட்டோ எடுக்கிறவர்கள் கவனிக்க!

அண்ணன் தொட்டிக்குக் காசு குறைத்துக்கொண்டார். ஒரு தெர்மாமீட்டரையும் சேர்த்துக் கொடுத்தார். “மொதல்ல காலித் தொட்டிய ஒரு மாசம் வளத்துப் பாரு தம்பி. அப்புறம் சிலந்திய வாங்கு” என்றார்.

நல்ல யோசனை. தென்னை நார்க் கழிவை அடியில் பரப்பி, ஒரு கொட்டாங்கச்சியைப் பதுங்குகுழியாக வைத்து, சின்ன மூடியில் தண்ணீர் ஊற்றி, ஏப்ரல் கடைசியில் காலித் தொட்டி மாடி அறைக்குக் குடிவந்தது. ஒரு நோட்டும் போட்டான். மதியம் 3 மணி: 37. மறுநாள்: 38. அதற்கு மறுநாள்: 38. அக்னி நட்சத்திரம் பிறந்ததும் 39, ஒருநாள் 41. இவ்வளவு சூட்டில் கர்லி ஹேர் என்ன, அதன் பாட்டன் வந்தாலும் தாங்காது. 30-ஐ ஒட்டி இருந்தால் அதற்குச் சுகம், 35-ஐத் தாண்டினாலே அவஸ்தை. ஈரக் கோணியைச் சுற்றிப் பார்த்தான். இரண்டு மூன்று டிகிரி இறங்கியது, நார்க் கழிவில் பூஞ்சை ஏறியது.

சூடு ஒன்றுதான் பிரச்சினை என்றால் பரவாயில்லை. நோட்டில் இன்னொரு பக்கம் இருந்தது. திங்கள், கொசுவத்தி. செவ்வாய், கொசுவத்தி. புதன், அம்மா கரப்பான் பூச்சிக்கு ஸ்ப்ரே அடித்தார். வெள்ளி சாயந்திரம், மாநகராட்சி ஆள் தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு தெரு முழுக்கப் புகை விட்டுப் போனார், ஜன்னல் வழியாக அறை முழுக்க மேகம். கொசுவைக் கொல்கிற மருந்துக்குச் சிலந்தியிடம் தனிச் சலுகை எதுவும் கிடையாது. மூட்டைப்பூச்சியோ டரான்டுலாவோ, நரம்பு நரம்புதான். கொசுவத்தி இல்லாமல் பாலக்கரையில் எந்த வீட்டில் தூங்க முடியும்? சாப்பாட்டுக்கும் இதே கதி. வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடலாம் என்றால் அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ.

இதற்கிடையில் விற்கிறவன் விடாமல் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தான். கர்லி ஹேர் ஸ்டாக் இல்லையாம், ரெட் நீ குஞ்சு வருகிறதாம். அதுவரைக்கும் “நம்ம ஊர் ஐட்டம் இருக்கு ப்ரோ, பாதி ரேட்டு” என்று ஒரு படம். சாம்பலும் வெள்ளையுமாகக் கோலம் போட்ட மாதிரி ஒரு சிலந்தி, மரப்பொந்தில் இருப்பது. காலுக்கடியில் மஞ்சள் பட்டை. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

நம்ம ஊர் ஐட்டம் என்பது உண்மைதான். ஈழத்தில் இதைப் புலிமுகச் சிலந்தி என்பார்கள். பீசிலோதீரியா என்ற இந்தக் கூட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதில் ஒன்று நம் ராமேஸ்வரத்துக்காரன். 2004-ல் அறிவியலுக்கு அறிமுகமாகி, அங்கிருந்த அனுமவிலாசம் கோயிலின் பெயரையே தன் பெயராக வாங்கிக்கொண்டது. தீவிலும் அதை ஒட்டிய கரையிலும் மிஞ்சியிருக்கும் பழைய மரங்கள்தான் அதன் வீடு. பிறகு கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் பதிவானது. அழிவின் விளிம்பில் இருப்பதாக 2008-லேயே சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. பொந்து உள்ள மரத்தை வெட்டினால் அதில் இருக்கிற குடும்பமே போச்சு.

இன்னொன்று ஆந்திராவின் கூட்டி. 1899-ல் போக்காக் என்ற ஆங்கிலேயர், கூட்டி ஊர் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து மெட்டாலிகா என்று பெயரிட்டார். உடம்பெல்லாம் மயில்கழுத்து நீலம். அதற்குப் பிறகு நூறு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. மரம் எங்கிருந்தோ ரயிலில் வந்திருக்கிறது, கூடவே அதுவும் வந்திருக்கிறது, அவ்வளவுதான் ஊகம். பொன்மலைப் பட்டறையைப் பக்கத்தில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில் உள்ள காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். சிதைந்துகொண்டிருக்கும் சின்னக் காடு. அதற்குப் பிறகு சில வருஷத்திலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டிகளில் அது விற்பனைக்கு வந்துவிட்டது. நந்தியாலில் அதை நேரில் பார்த்த உள்ளூர்க்காரர்களைவிட ஜெர்மனியில் பார்த்தவர்கள் அதிகம் இருப்பார்கள். 2019-ல் இந்தக் கூட்டம் முழுவதையும் சைட்டிஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள்.

இவை கடித்தால் உயிர் போகாது. ஆனால் தசை பிடித்து இழுக்கிற வலி சிலருக்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும். வேகம் வேறு கண்ணுக்குச் சிக்காத வேகம். பையன் போட்ட இரண்டு நிபந்தனையில் முதலாவதிலேயே அவுட். அவன் அந்தப் படத்தை ஒரு நாள் முழுக்க வைத்திருந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று எழுதினான்.

அப்படியானால் ரெட் நீ? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2021 ஜூலையில் சென்னை வெளிநாட்டு அஞ்சல் நிலையத்துக்குப் போலந்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. அருப்புக்கோட்டை முகவரி. சுங்கத்துறை பிரித்துப் பார்த்தால் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 குட்டிப் பிளாஸ்டிக் குப்பிகள், உள்ளே உயிருள்ள சிலந்திகள். ரெட் நீயின் வகையறாவும் அதில் இருந்தது. இறக்குமதி உரிமம் இல்லை, உடல்நலச் சான்று இல்லை. வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்ப முடிவானது. ஒவ்வொரு குப்பியும் எத்தனை நாள் இருட்டில், குலுங்கிக் குலுங்கிப் பயணம் செய்திருக்கும்! திருச்சிக்காரர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டது நம் விமான நிலையத்தில்தான்.

சட்டமும் சும்மா இல்லை. 2022-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளும் இப்போது அதற்குள் வருகின்றன. ரெட் நீயும் கர்லி ஹேரும் அந்தப் பட்டியலில் இருப்பவை. வீட்டில் வைத்திருந்தால் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தால், கை மாறினால், செத்துப்போனால் அதையும் சொல்ல வேண்டும். கெடுபிடிதான். ஆனால் ஒரு முட்டைப் பையிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும் பிராணிக்கு, இது காட்டில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா என்று கேட்க இந்தக் காகிதத்தை விட்டால் வேறு வழியும் இல்லை.

பையன் விற்கிறவனிடம் கேட்டான், “பதிவு நம்பர் இருக்கா?”

பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. “டெலிவரி ஃப்ரீ பண்ணித் தரேன் ப்ரோ.”

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஆசை அப்படி விடுமா? வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எது என்று தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாக அலைந்தான். சமையலறை 36. கூடம் 35. கீழே பின்னறையில், பழைய தடித்த சுவரை ஒட்டி, அப்பாயியின் கட்டிலுக்கு அடியில் 31! கொசுவத்திப் புகைக்குப் பயந்து அந்த அறையில் மட்டும் வலைதான். சிலந்திக்கு இதைவிடப் பொருத்தமான இடம் பாலக்கரையில் கிடையாது. என்ன, அப்பாயியிடம் அனுமதி வாங்க வேண்டும்.

வாங்கப் போனான். அப்பாயி பயப்படவில்லை. திருவானைக்கோயில் பக்கம் பிறந்தவள் சிலந்திக்கு எப்படிப் பயப்படுவாள்? வெண்ணாவல் மரத்தடியில் சிவலிங்கத்தின் மேல் இலை விழாமல் சிலந்தி வலை கட்டியது, யானை அதை அசுத்தம் என்று பிய்த்துப்போட்டது, சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடித்தது, இரண்டும் செத்தது, சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை ஏற முடியாத மாடக்கோயிலாகக் கட்டித் தள்ளியது எல்லாவற்றையும் நூறாவது தடவையாகச் சொல்லி முடித்தாள். (டரான்டுலா அப்படியெல்லாம் வட்டமாக வலை கட்டாது என்று அவன் குறுக்கே சொன்னது எடுபடவில்லை.) பிறகு கேட்டாள்.

“இது எத்தன வருசம் இருக்கும்டா?”

“பொட்டையா இருந்தா இருவது வருசம் அப்பாயி. கூடவும் இருக்கலாம்.”

“நீ இன்னும் ரெண்டு வருசத்துல படிச்சு முடிச்சு மெட்ராஸு, பெங்களூருன்னு போயிருவ.”

“ம்.”

“நானும் இருக்கப்போறதில்ல. அது பாட்டுக்குக் கட்டிலுக்கடியில கெடக்கும். உங்கம்மா தொடப்பத்தால அடிச்சிருவா. அது ராசாவாப் பொறந்து வந்து உங்கள என்ன செய்யுமோ.”

அவன் சிரித்தான். ராத்திரி நோட்டை எடுத்து 20 என்று எழுதி, அதற்குக் கீழே தன் வயதைக் கூட்டிப் பார்த்தான். முப்பத்தொன்பது வந்தது. அந்த வயதில் எந்த ஊரில், எந்த வாடகை வீட்டில் இருப்பான், வீட்டுக்காரர் சிலந்திக்குச் சம்மதிப்பாரா, ஒன்றும் தெரியவில்லை. விற்கிறவனுக்கு அன்றைக்கே வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். அவன் ஒரு கும்பிடு படம் போட்டான். மறுநாள் அதே ரெட் நீ படத்தை வேறு யாருக்கோ காட்டிக்கொண்டிருந்திருப்பான்.

டியூஷன் காசு அப்படியே இருக்கிறது. ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் போகிறான். எல்லாரும் பூவைப் பார்க்கும்போது இவன் மட்டும் செடியின் அடியில் குனிந்து எதையோ தேடுகிறான் என்று கூடப் போன நண்பன் சொன்னான். மீன் கடை அண்ணன் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், “என்ன தம்பி, தொட்டி வளந்துச்சா?”

தொட்டியில் இப்போது அப்பாயியின் வடகம் இருக்கிறது. காக்கா தூக்காது, எறும்பு ஏறாது, ரொம்ப வசதி என்கிறாள். தெர்மாமீட்டரைக் கட்டில் காலில் கட்டச் சொல்லிவிட்டாள். மதியம் மூன்று மணிக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, பக்கத்து வீட்டுக்காரிக்குச் சுவருக்கு மேலே குரல் கொடுக்கிறாள்: “இன்னிக்கு முப்பத்திமூணுடி!”